கடைத்தெருவும் ஓய்வுக்காலமும்

ஒரு குறிப்பிட்ட வயதில் வேலையை நிறுத்திவிட்டு அதன்பின் பல ஆண்டுகள் உயிரோடும் உடல்நலத்தோடும் இருப்பது மனித வரலாற்றில் மிகப் புதிய ஏற்பாடு. 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியின்போது இயற்றப்பட்ட முதியோர் காப்பீட்டுச் சட்டம் எழுபது வயதை எட்டிய தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் வழங்கியபோது, அந்த வயதைக் கண்ட தொழிலாளர்கள் மிகச் சிலரே. அதற்கு முன்பு உழவரும் கைவினைஞரும் வணிகரும் கைகால் ஓய்ந்தபோதுதான் வேலையை விட்டனர். அப்போதும் முழுமையாக விட்டவர்கள் குறைவு. ஆகவே, அறுபது வயதில் பணியிலிருந்து விடுபடும் ஒருவர் எஞ்சியிருக்கும் பதினைந்து, இருபது ஆண்டுகளை நிறைவோடு கழிப்பது எப்படி என்ற கேள்விக்கு முன்னோரிடமிருந்து ஆயத்தமான விடை எதுவும் வந்துசேரவில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரிலுள்ள லிட்டில் இந்தியாவை வைத்து இக்கேள்வியை ஆராய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. அங்கு வந்து உழைத்த தமிழர்களுக்கு முதுமை என்பதே நெடுங்காலம் வேறோர் ஊரில் நடக்கவேண்டிய ஒன்றாக இருந்தது.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கியதையடுத்துச் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பின்னர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் படகு செலுத்தவும் வந்த தொழிலாளர்களும் கடற்கரையை ஒட்டிய சில தெருக்களில் நெருக்கமாகத் தங்கினர். தமிழர் கடைத்தெரு என்று வழங்கிய லெபோ பாசார், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் நிற்கும் லெபோ குயின், வட்டித்தொழில் நடந்த லெபோ பினாங்கு, நாகூர் தர்காவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அருகருகே அமைந்த சூலியா தெரு வட்டாரம் ஆகியவை இன்றும் நடந்தே சுற்றிவரக்கூடிய தொலைவுக்குள் உள்ளன. செட்டியார் நிறுவனங்களின் முகவர்கள் மூன்றாண்டுத் தவணையில் வந்து, கிட்டங்கி எனப்பட்ட கடையும் தங்குமிடமும் சேர்ந்த கூடத்தில் வாழ்ந்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பினர். துறைமுகத் தொழிலாளர் பலர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவந்தவர்கள். உடல் தளர்ந்ததும் ‘ரஜுலா’ போன்ற கப்பலேறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்குவதுதான் அவர்கள் அறிந்த ஓய்வு.

அந்த வழி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடைபட்டது. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றவர்கள் இங்கேயே வேரூன்றினர். அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பலர் நாடு திரும்பினர். 1969இல் பினாங்கு வரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. பிற்காலத்தில் கப்பல் போக்குவரத்தும் நின்றது. எஞ்சிய குடும்பங்களின் பெரியவர்கள் பினாங்கிலேயே மூப்படையத் தொடங்கினர். அவர்களுடைய தந்தையர் பலர் இங்கு முதுமையைக் கழிக்கவில்லை என்பதால், கடல் கடந்த நகரமொன்றில் தாத்தாவாகவும் பாட்டியாகவும் வாழ்வது எப்படி என்பதைக் கண்டு பழகும் வாய்ப்பு அவர்களுக்கு அமையவில்லை. இன்றைய ஓய்வுபெற்றோரின் தடுமாற்றம் பலவற்றுக்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று கொள்வதற்கு இடமுண்டு.

பொருளாதாரப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. சம்பளத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கப்பட்டது. உலகின் பழைய சேமநிதிகளுள் அதுவும் ஒன்று. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது என்று வகுத்த சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சேமநிதியை ஐம்பத்தைந்து வயதிலேயே எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு மாதம் ஆயிரம் ரிங்கிட் என்று கணக்கிட்டு, ஐம்பத்தைந்தாம் வயதில் கையில் 2,40,000 ரிங்கிட்டாவது இருக்கவேண்டும் என்பதை 2019இல் சேமநிதி வாரியம் அடிப்படை அளவுகோலாக வைத்தது. கொவிட் காலத்தில் உறுப்பினர்கள் எடுத்த சிறப்புத் தொகை ஏறத்தாழ 145 பில்லியன் ரிங்கிட். அது பெரும்பாலும் அன்றாடச் செலவில் கரைந்த பணம். லிட்டில் இந்தியாவின் கடைகளில் சந்தா இல்லாமல் கைச்சம்பளத்துக்கு வேலைபார்த்தவர்கள், தள்ளுவண்டியில் வடை, கச்சான் விற்றவர்கள் ஆகியோருக்கு இந்த அளவுகோலே எட்டாத உயரம். வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாத ஒருவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது பொறுப்பற்ற செயல். ஆகவே பின்வரும் கருத்துகள் எவையும் ஓய்வூதியத்துக்கு மாற்று ஆகா.

ஆனால் பணம் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், நல்ல ஓய்வூதியம் பெறும் முன்னாள் ஆசிரியர்களும் அரசு எழுத்தர்களும் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன் வாடிப்போவதற்குக் காரணம் இருக்காது. முதுமையியல் என்ற துறை, அதாவது மூப்பின் உடல், மன, சமூகப் போக்குகளை ஆராயும் அறிவியல், இதற்குப் பல விடைகளை முன்வைத்திருக்கிறது. 1961இல் எலேன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட விலகல் கோட்பாடு, முதியவரும் சமூகமும் ஒருவரிடமிருந்து ஒருவர் மெல்ல விலகிக்கொள்வதே இயல்பு என்றது. அதற்கு எதிராக ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் முதலியோர், நடுவயதின் ஈடுபாடுகளை இயன்றவரை தொடர்பவர்களே நிறைவோடு இருக்கிறார்கள் என்ற செயல்பாட்டுக் கோட்பாட்டை நிறுவ முயன்றனர். முதற்கோட்பாடு முதியவர்களை வாசலுக்கு வெளியே அனுப்புகிறது. இரண்டாவது, ஓய்ந்திருப்பதையே குற்றமாக்கிவிடுகிறது. எழுபது வயதிலும் ஓடிக்கொண்டே இருப்பவரைப் புகழ்வதும், முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பவரைக் குறை காண்பதும் நியாயமாகா.

இவ்விரண்டையும்விட வாழ்க்கைக்கு நெருக்கமானது, பால் பால்டெஸ், மார்கிரெட் பால்டெஸ் என்ற ஜெர்மானிய உளவியல் தம்பதியர் 1990இல் விரித்துரைத்த கோட்பாடு. செய்பவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்ந்துகொள்வது, தேர்ந்தவற்றில் பயிற்சியைக் கூட்டுவது, குறைந்துபோன ஆற்றலுக்கு மாற்று வழி காண்பது என்ற மூன்றும் சேர்ந்தால் இழப்புகளுக்கு நடுவிலும் ஒருவர் நன்கு மூப்படையலாம் என்பது அதன் சாரம். எண்பது வயதிலும் மேடையேறிய பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை அவர்கள் சான்று காட்டினர். அவர் குறைவான உருப்படிகளையே வாசித்தார். அவற்றைக் கூடுதலாகப் பயின்றார். விரைவான பகுதிக்கு முன்வரும் பகுதியை வேண்டுமென்றே மெதுவாக வாசித்து, பின்வருவது விரைவாகக் கேட்கும்படி செய்தார்.

இதே முறையைப் பினாங்கில் காண இசை மண்டபத்துக்குப் போகவேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடக்கும் பூக்கட்டும் தொழிலைக் கவனித்தால் போதும். திருமணத்துக்கான கனத்த மாலை கட்டுவதற்கு நெடுநேரம் நின்று, ஊசி கோத்து, பாரம் தூக்கவேண்டும். வயதேறிய கை அதை இளையவரிடம் விட்டுவிட்டுச் சரம் தொடுப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டிரண்டு மல்லிகை மொட்டுகளை எதிரெதிராக அடுக்கி, நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கும் வேலைக்குக் கண்ணைவிட விரல்நுனியின் பழக்கமே முக்கியம்; கண்புரை மூடிய ஒருவரும் பேச்சுக்கு இடையே ஒரு முழம் சரம் தொடுத்துவிடுவார். தரையில் சம்மணமிட முடியாதபோது முக்காலி போதும். தேர்வு, பயிற்சி, மாற்று வழி என்ற மூன்றும் அந்தப் பூக்கூடைக்கு அருகிலேயே நிறைவேறிவிடுகின்றன. கட்டிய சரம் ஒரு மணி நேரத்தில் அம்மன் கழுத்திலோ ஒரு பெண்ணின் கூந்தலிலோ ஏறும் என்பதால் வேலையின் பயனும் கண்முன்னே நிற்கிறது. அலுவலகப் பணியிலிருந்து ஓய்வுபெறுவோர் பெரிதும் இழப்பது சம்பளத்தை மட்டுமன்று. நாளையும் தாம் வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் ஓரிடத்தையும் இழக்கிறார்கள்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தபோது, அடுத்த தலைமுறைக்கு ஒன்றைக் கையளிக்கும் விழைவை நடுவயதுக்கு உரியதாக வைத்தார். ஆனால் தாமே முதுமையை அடைந்தபின் 1986இல் பிறருடன் சேர்ந்து எழுதிய நூலில், அவ்விழைவு முதுமையிலும் ஓயாமல் தொடர்வதை விரித்துக் காட்டினார். நாகூர் தர்காவின் சுற்றுச்சுவரோடு ஒட்டிய சிறு கடைகளில் வெல்வெட் துணியில் சொங்கோக் என்னும் தொப்பி தைத்த தமிழ் முஸ்லிம் கைவினைஞர்கள், கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மளிகைக் கடையில் எந்தக் குழம்புக்கு எந்த மசாலை என்று புதுமணப்பெண்ணுக்குச் சொல்லும் பெரியம்மாக்கள் ஆகியோர் செய்வது அதுவே. பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை முதிய கைவினைஞர்களை வாழும் மரபுச் செல்வங்களாக அறிவித்துச் சிறப்பித்து வந்திருக்கிறது; கையால் ஊதுபத்தி உருட்டிய லீ பெங் சுவான் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவர்களுள் ஒருவர். இப்பட்டங்கள் வரவேற்கத்தக்கவை. எனினும், பட்டம் பெறும் அளவுக்குக் கைவண்ணம் இல்லாத, வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதிய அல்லது லாரி ஓட்டிய பெரியவருக்கும் கற்றுத்தருவதற்கு ஏதேனும் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதே குறை.

தமிழ் மரபு இதை அறியாததன்று. புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையாரிடம் ஆண்டுகள் பல கடந்தும் தலை நரைக்காதது ஏன் என்ற கேள்வி எழுகிறது. மனைவி மக்களின் பண்பு, குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன் என்று வரிசையாகச் சொல்லிவரும் புலவர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்வதைக் காரணமாக்குகிறார். மருந்தையோ உணவையோ அவர் குறிப்பிடவில்லை. வீட்டில் தொடங்கி ஊரில் முடியும் அந்தப் பட்டியல், நன்றாக மூப்படைவது தனிமனிதச் சாதனை அன்று, சூழ்ந்திருக்கும் மனிதர்களால் அமைவது என்ற தெளிந்த கொள்கையை முன்வைக்கிறது.

அந்த ஊர்தான் ஜார்ஜ்டவுனில் கலைந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. அதனால் கடைவீடுகளின் மாடிகளில் குறைந்த வாடகையில் பல குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. 1997இல் நிறைவேறிய நீக்கச் சட்டத்தால் 2000 ஜனவரி முதல் அக்கட்டுப்பாடு அகன்றதும் வாடகை ஏறியது. குடியிருந்தோர் பெருமளவில் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், குளுகோர் போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுன் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. அவற்றின் மாடிகளில் வாழ்ந்த முதியவர்களில் பலர் அதற்குள் போய்விட்டிருந்தனர். இதே காலத்தில் மலேசிய அரசு 1996இல் வெளிநாட்டு ஓய்வுபெற்றோருக்கான வெள்ளிமுடித் திட்டத்தையும், 2002இல் அதை விரித்து மலேசியா எனது இரண்டாம் இல்லம் என்ற திட்டத்தையும் நடத்தியது. பினாங்கு அவர்கள் விரும்பிய இடங்களுள் ஒன்றானது. வெளிநாட்டு முதியவர்கள் வருவதில் தவறில்லை. ஆனால் அந்நகரின் துறைமுகத்தில் முதுகொடிய உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதே தெருவில் மூப்படைய இடமில்லாமற்போனது அநீதி என்றே சொல்லவேண்டும்.

இடம்பெயர்ந்த பெரியவர்கள் கடைத்தெருவை விட்டுவிடவில்லை. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்கியபடி, எஞ்சிய காலம் குறைவென உணரும் மனிதர் புதிய அறிமுகங்களைத் தேடுவதைக் குறைத்து, மனத்துக்கு நெருக்கமான சிலரையே நாடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே பேரங்காடி இருக்கும்போது, ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காகப் பேருந்தேறி லெபோ பாசாருக்கு வருவதை வீண் அலைச்சல் என்று பிள்ளைகள் கடிந்துகொள்வது இதை உணராததால்தான். அந்தக் கறிவேப்பிலை, பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரரையும், “என்னங்கையா, ரெண்டு வாரமா காணோம்” என்று கேட்கும் பூக்காரரையும், தே தாரிக் என்னும் தேநீர் விற்கும் கடையில் எதிரே வந்தமரும் பழைய தோழரையும் காண்பதற்கான காரணம். நகர மையத்தில் கட்டணமின்றி ஓடும் பேருந்து அவ்வகையில் மருத்துவமனைக்கு ஒப்பான நற்பணி செய்கிறது.

பேருந்திலிருந்து இறங்கியபின் உள்ள தொலைவே சிக்கல். கடைவீடுகளின் முன்னே கூரையிட்ட ஐந்தடி நடைபாதையை இங்குள்ள தமிழர் அஞ்சடி என்பர். வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்கென்று அமைந்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் ஒரு கடையின் அஞ்சடி அடுத்த கடையினுடையதைவிட ஒரு படி உயர்ந்திருக்கிறது. ஒன்றில் பளிங்கு ஓடு மழைநீரில் வழுக்குகிறது. மற்றொன்றில் எவர்சில்வர் பாத்திரங்களும் சேலை உடுத்திய பொம்மைகளும் வழியை அடைக்கின்றன. சாலையில் இறங்கினால் மோட்டார்சைக்கிள். இரண்டுக்கும் நடுவே திறந்த சாக்கடை. முதியவருக்கு ஒரு முறை தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, தனியாக வெளியே போகும் வாழ்க்கையே முடிவதாக ஆகிவிடக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட முதியோர்க்கிசைந்த நகரங்கள் பற்றிய வழிகாட்டி, சமமான நடைபாதை, அமர இருக்கை, சுத்தமான பொதுக் கழிப்பறை ஆகியவற்றை முதன்மைப்படுத்தியது. அந்நிறுவனத்தின் முதியோர்க்கிசைந்த நகரங்களின் கூட்டமைப்பில் மலேசியாவிலிருந்து முதலில் சேர்ந்தது பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரம். பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்களைவிட, கழிப்பறை எங்கே என்ற கவலையின்றி இரண்டு மணி நேரம் வெளியே இருக்க முடிவதே ஒரு முதியவருக்குப் பெரிய சுதந்திரம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஒன்றிரண்டு சொன்னால் போதும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியரிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் கூட்டாளிகளை ஒன்றுசேர்ப்பது உண்மையே. அதே மேசையில் “அண்ணே, எனக்குத் தே ஓ கோசோங்” என்று சர்க்கரையில்லாத் தேநீரைக் கேட்பதாலும் நட்பு குறைவதில்லை. செவித்திறன் குறைவது மறதிநோய்க்கான தவிர்க்கத்தக்க காரணங்களுள் ஒன்று என்பதை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு வலியுறுத்தி வருகிறது. கண்ணாடி அணியக் கூச்சப்படாதவர்கள் காதொலிக் கருவிக்கு மட்டும் கூச்சப்படுவது பெரிய இழப்பு. கடை வாசல்களில் திரைப்பாடலை உரக்க ஒலிக்கவிடும் வழக்கத்தால், காது மந்தமான பெரியவர் அத்தெருவில் யாரோடும் பேசமுடியாமல் ஒதுங்கிப்போவதையும் கடைக்காரர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஓய்வு பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடுவோர் பெண்கள். சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு ஓய்வு வயது இல்லை. கணவர் பணியோய்வு பெற்றபின் மூன்று வேளைச் சமையலோடு நண்பகல் தேநீரும் சேர்கிறது. பேரப்பிள்ளை பிறந்ததும் வளர்ப்பு வேலை மீண்டும் தொடங்குகிறது. இல்லத்தரசிகள் சேமநிதியில் பணம் சேர்க்க உதவும் அரசுத் திட்டம் 2018இல்தான் வந்தது. அறுபது நிறைந்த கணவருக்கு மணிவிழாவும் எண்பதில் சதாபிஷேகமும் எடுத்துத் தம்பதியராக மாலை சூட்டும் சமூகம், கணவரை இழந்த பெண்ணுக்கு அறுபது நிறையும் நாளை எண்ணுவதில்லை; மங்கல காரியங்களில் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் நீடிக்கிறது. பெண்கள் ஆண்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதால் தமிழர் முதுமை என்பது பெரிதும் கைம்பெண்களின் முதுமையே. அவர்களுக்கு உரிய மதிப்பை மறுத்துக்கொண்டே நிறைவான முதுமையைப் பற்றிப் பேசமுடியாது.

1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வுபெற்றோருக்கென்று மூன்றாம் வயதின் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தேர்வும் பட்டமும் இன்றி, கற்கும் இன்பத்துக்காகவே முதியவர்கள் கூடும் அந்த முறை பல நாடுகளுக்குப் பரவி மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம் வழியாக இங்கும் வந்தது. தமிழில் அப்படியொன்றை நடத்தப் புதிய கட்டடம் தேவையில்லை. கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் வாரநாள் பகலில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. கைப்பேசியில் வங்கிக் கணக்கை மோசடிக்காரரிடமிருந்து காத்துக்கொள்வது, மருந்துச் சீட்டைப் படிப்பது, பழைய துறைமுக நினைவுகளைப் பதிவுசெய்வது என்று தொடங்கலாம். மூத்தவர்கள் மாணவராகவும் ஆசிரியராகவும் முறை மாற்றி அமரலாம்.

பினாங்குத் தீவு மாநகர் மன்றம் அஞ்சடிகளின் படிகளுக்குச் சரிவு அமைத்து, லெபோ பாசாரின் இரு முனைகளிலும் இருக்கையும் கழிப்பறையும் தரவேண்டும். கடைக்காரர்கள் வாசலில் பொம்மைக்கு விட்ட இடத்தில் ஒரு நாற்காலியைப் போடவேண்டும். கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்கள் முதியவர்களை அன்னதான வரிசையில் மட்டும் எதிர்பார்க்காமல் வேலைப் பட்டியலிலும் சேர்க்கவேண்டும். பெற்றோரை அடுக்குமாடி வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள், இந்த வாரத்திலேயே ஒரு நாள் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் பேசி முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும்.